மாதக் கடைசியிலும் கையில் காசு நிற்க: யாழ்ப்பாணத்து வீடுகளுக்குச் சில சுலபமான பழக்கங்கள்

யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர் இது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். ஆனால் அந்தச் சிக்கனம் சாமான் இல்லாததால் வந்த சிக்கனம். இப்போது எல்லாம் கடையில் இருக்கிறது, போனில் அழுத்தினால் வாசலுக்கும் வருகிறது, வேண்டாம் என்று சொல்வதை நாங்களேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

2022 இல் விலைவாசி ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அதற்குப் பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்லும்போது, பிறகேன் சாமான் விலை குறையவில்லை என்று பலர் கேட்கிறார்கள். குறைந்தது ஏறுகிற வேகம் மட்டும்தான். அன்றைக்கு ஏறிய விலை பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது, சம்பளம்தான் அந்த அளவுக்கு ஏறவில்லை.

கீழே எழுதியிருப்பவை எல்லாம் பெரிதாக மூளையைக் கசக்காமல் செய்யக்கூடியவை. ஒவ்வொரு ரூபாயையும் கொப்பியில் எழுதுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னாலும் இரண்டு கிழமைக்கு மேல் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. காசு அதிகமாகக் கசிகிற நாலைந்து இடங்களைப் பிடித்தால் போதும்.

முதல் வேலை: மிச்சம் பிடிக்கிற காசுக்கு ஓர் இடம்

சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள், நான் முதலில் சொல்கிறேன். கரண்ட் பில்லில் ஆயிரம் ரூபாய் குறைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் எங்கே? சம்பளம் வருகிற அதே கணக்கில், அதே மணிபேர்ஸில், மற்றக் காசோடு சேர்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை ஒரு கொத்துரொட்டிப் பார்சலாகவும் ஐஸ்கிறீமாகவும் போய்விடும். குறைத்த காசை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றாவிட்டால் நீங்கள் சேமிக்கவில்லை, செலவை இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதனால் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறவுங்கள். அதற்கு ஏ.ரி.எம். காட் வாங்காதீர்கள், போன் அப்பிலும் சேர்க்காதீர்கள். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கை ஊர்த் தபால் கந்தோரிலேயே நடத்தலாம், தீவுப் பக்கம், வடமராட்சிக் கிழக்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது வசதி. அந்தக் கணக்கில் காசை எடுக்க ஒருமுறை நேரில் போய் நிற்க வேண்டும், அந்த அலுப்புத்தான் உங்களுக்குக் காவல். சம்பளம் வங்கிக்கு வருகிறது என்றால் சம்பளத்துக்கு அடுத்த நாளே ஒரு தொகை தன்பாட்டில் மற்றக் கணக்குக்குப் போகிற மாதிரி ஸ்ராண்டிங் ஓடர் எழுதிக் கொடுக்கலாம். தொகை சின்னதாக இருக்கட்டும், பரவாயில்லை. மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று நினைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

நாட்கூலிக்காரருக்கும் மேசன், தச்சு வேலை செய்கிறவர்களுக்கும் மாதச் சம்பளக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு உண்டியல்தான் சரி. வேலை இருந்த நாளில் மட்டும், வீட்டுக்குள் வந்து முகம் கழுவ முன்னரே ஒரு காசுத் தாளைப் போடுங்கள். எந்தத் தாள் என்பதை ஒருமுறை தீர்மானித்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருக்கப்போகும் கிழமைகளுக்கு அதுதான் சம்பளம்.

கரண்ட் பில்

வீட்டுச் செலவுகளில் நீங்கள் நினைத்தால் உடனே குறைக்கக்கூடியது இதுதான், ஆனால் இதன் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. பில்லின் பின்பக்கத்தை வாசித்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாகக் கூடுகிற கட்டணம். மாதத்துக்கு 30 யூனிற்றுக்குள் ஒரு விலை, 60 வரை இன்னொரு விலை, பிறகு 90, 120, 180 என்று படிகள். இதில் முக்கியமான படி 60. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டும் கூடின விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 60 ஐத் தாண்டியதும் முதல் யூனிற்றிலிருந்தே வேறு கணக்கு, மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அதனால்தான் 58 யூனிற் எரித்த வீட்டுக்கும் 64 எரித்த வீட்டுக்கும் பில்லில் அவ்வளவு வித்தியாசம். விலைகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் ரூபாய்க் கணக்கு இங்கே எழுதவில்லை, உங்கள் கடைசி பில்லிலேயே இருக்கும்.

இன்னொன்று, படிகளின் எல்லை 30 நாளுக்கானது. மீற்றர் பார்க்கிறவர் 33 ஆவது நாள் வந்தால் எல்லையும் அதற்கேற்றபடி கூடும். அவர் பிந்தி வந்ததால் பில் ஏறிவிட்டது என்று அவரோடு கொளுவத் தேவையில்லை.

பழக்கம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மீற்றர் இலக்கத்தைப் பார்த்து, சுவரில் தொங்குகிற கலண்டரில் அந்தத் திகதிக்குக் கீழே எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. நாளுக்கு 2 யூனிற் என்றால் மாதத்துக்கு 60, நாளுக்கு 3 என்றால் 90. கிழமைக்கு 14 க்குள் நிற்கிறதா, 21 க்குள் நிற்கிறதா என்று பார்த்தாலே நீங்கள் எந்தப் படியில் போகிறீர்கள் என்பது பில் வர முன்னரே தெரிந்துவிடும். கடைசிக் கிழமையில் 54 இல் நிற்கிறீர்கள் என்றால் அந்தக் கிழமை மினுக்குப்பெட்டியைத் தொடாமல் சமாளிக்கலாம். 110 இல் நிற்கிறீர்கள் என்றால் 120 க்குள் முடிக்கப் பாருங்கள். பிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு 60 க்குள் நிற்பது கஷ்டம், அதற்காக மனம் விடத் தேவையில்லை, உங்களுக்குக் கிட்டவாக இருக்கிற படியைப் பாருங்கள்.

எது எவ்வளவு இழுக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் வாற்ஸ் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற். 75 வாற்ஸ் மின்விசிறி இரவு 8 மணித்தியாலம் சுழன்றால் 0.6 யூனிற், மாதத்துக்கு 18. இரண்டு அறையில் இரண்டு மின்விசிறி என்றால் 36, அறுபதில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். சித்திரை வெக்கையில் அதை நிற்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் கார்த்திகை, மார்கழியில் பழக்கதோஷத்தில் சுழல விடுகிறோமே, அதை நிற்பாட்டலாம். மினுக்குப்பெட்டி பெரும்பாலும் ஆயிரம் வாற்ஸ். பள்ளிக்கூட உடுப்பைத் தினமும் காலையில் ஒவ்வொன்றாக மினுக்கினால் ஒவ்வொரு முறையும் அது சூடேறவே கரண்ட் போகும், ஞாயிறு இரவு ஐந்து நாள் உடுப்பையும் ஒரே சூட்டில் மினுக்கி வைத்தால் அது குறையும். குசினியிலோ கோடியிலோ இன்னும் பழைய 60 வாற்ஸ் குண்டு பல்ப் தொங்கினால் இன்றைக்கே கழற்றுங்கள். நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் அது மாதத்துக்கு 9 யூனிற், அதே இடத்தில் 9 வாற்ஸ் எல்.ஈ.டி. பல்ப் எரித்தால் ஒன்றரைக்கும் குறைவு.

பிறகு கிணற்று மோட்டார். அரைக் குதிரைவலு மோட்டார் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அரை யூனிற் எடுக்கும். ராங்க் நிரம்பி வழிவதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்கிற வீடுகள் எனக்குத் தெரியும். மோட்டாரைப் போட்டால் போனில் அலாரம் வைக்கிற பழக்கம் ஒன்று போதும். கழிவறைத் தொட்டி ஒழுகினாலும் ராங்க் இரவிரவாக இறங்கும், நீங்கள் காலையில் திரும்ப மோட்டார் போடுவீர்கள், ஒழுகுவது கண்ணுக்கே தெரியாது. போன் சார்ஜரைப் பற்றி மட்டும் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதீர்கள். ஒரு போனைத் தினமும் சார்ஜ் பண்ணினாலும் மாதம் முழுக்க ஒரு யூனிற் வராது.

சந்தையும் குசினியும்

திருநெல்வேலியோ, சுன்னாகமோ, மருதனார்மடமோ, கொடிகாமமோ, உங்களுக்குக் கிட்டவாக உள்ள சந்தைக்குக் கிழமைக்கு ஒருமுறை அல்லது இரண்டுமுறை மட்டும் போங்கள். தினமும் போனால் தினமும் ஏதோ ஒன்று கூடுதலாக வரும். உள்ளே போனதும் முதல் ஆளிடமே வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஒரே கத்தரிக்காய்க்கு மூன்று விலை இருக்கும். காலையில் நல்லதாகத் தெரிந்தெடுக்கலாம், மதியத்தை அண்டினால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் குறைத்துக் கொடுப்பார்கள். கீரைக்குக் காலை, கிழங்கு, பூசணி, வாழைக்காய்க்கு மதியம் என்பது என்னுடைய கணக்கு. வாடாத சாமானுக்கு எதற்கு வெள்ளென எழும்ப வேண்டும்?

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டங்களில் வெள்ளம் நின்றால் மரக்கறி விலை ஏறும், மழை விட்டுத் தை, மாசியில் எல்லாம் ஒன்றாகக் காய்க்கும்போது இறங்கும். ஏறுகிற நேரத்தில் போஞ்சியும் கரட்டும்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த மழைக்குத்தான் வேலியில் முசுட்டை தளிர்க்கும், முருங்கையிலையும் பொன்னாங்காணியும் இருக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை, எல்லோரும் மரக்கறிக்குத்தான் போவார்கள், அதனால் பருப்பு, கடலை, பயறு, சோயா மீற் போன்ற காய்ந்த சாமான்களைக் கொடி ஏற முன்னரே வாங்கி வையுங்கள். சின்ன வெங்காயத்தை அறுவடை நேரம் தோட்டக்காரரிடம் நேரே வாங்கி, தாளோடு பிடியாகக் கட்டிக் காற்றுப்படுகிற இடத்தில் தொங்கவிட்டால் நீண்ட நாள் இருக்கும். எங்கள் அம்மம்மாமார் செய்ததுதான், புதுக்கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

மீனில் பெரிய மிச்சம் இருக்கிறது. விளைமீன், பாரை, அறக்குளா என்று பெயர் சொல்லிக் கேட்கிற மீனுக்குப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை. சூடை, கீரி, நெத்தலி எல்லாம் கூறாகப் போட்டு விற்பார்கள், ஒரு கூறில் நாலு பேருக்குக் குழம்பும் பொரியலும் ஆகும். முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனில் கல்சியமும் உண்டு. துப்பரவாக்குவது கரைச்சல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பாசையூரிலோ காக்கைதீவிலோ கடற்கரைக்கே போய் வாங்குகிறவர்கள், போகிற வழியில் பெற்றோலுக்கு எவ்வளவு என்பதையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கூறு மீனுக்காகப் பத்துக் கிலோமீற்றர் ஓடுவது மிச்சம் இல்லை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒருவர் போய் வாங்கிப் பங்கு போட்டால் சரி.

தூள் இடித்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வாங்கி வறுத்து மில்லில் கொடுத்தால் மாதக்கணக்கில் வரும். பைக்கற் தூளை 100 கிராம், 200 கிராமாக வாங்குகிறவர்கள் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை பெருக்கிப் பார்க்கட்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசிமாவும் அப்படித்தான்.

தேங்காய் இப்போது அப்பாவிச் சாமான் இல்லை. 2024 கடைசியில் விலை ஏறியபோது பல வீடுகளில் சம்பல் நின்றே போனது. காலையில் சம்பலுக்கும் மதியம் கறிக்கும் சொதிக்கும் என்று மூன்று தரம் உடைக்காமல், ஒரே தேங்காயைத் திருவிப் பிரித்து வையுங்கள். முதற்பால் கறிக்கு இறக்கும்போது மட்டும், அவிய விடுவதெல்லாம் இரண்டாம், மூன்றாம் பாலில். சொதிக்கு மூன்றாம் பாலே காணும், தேசிக்காய்ப்புளி விட்டால் யாருக்கும் வித்தியாசம் பிடிபடாது. பால் பிழிந்து மிஞ்சின தேங்காய்ப்பூவைக் காயவைத்துக் கோழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு முட்டையோடு பிரட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு, வெங்காயமும் மோர்மிளகாயும் போதும். கந்தோருக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதைப் பற்றி நான் விரிவாக எழுதத் தேவையில்லை, கடைப் பார்சல் விலை உங்களுக்கே தெரியும். பத்து மணித் தேத்தண்ணியும் ரோல்ஸும்தான் கவனிக்க வேண்டியது, அது ஒவ்வொரு நாளும் போகிற காசு என்பதால் யாரும் அதைச் செலவாக எண்ணுவதில்லை. முழுதாக விடச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கடையில் குடியுங்கள், கடிக்கிறதை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

வளவில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாசி, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இரண்டு வாழை, பழைய வாளியில் பச்சைமிளகாய். இதற்கு மேல் தோட்டம் வைப்பது உங்கள் விருப்பம். உரம், மருந்து, கூலி என்று போட்டுக் கடையை விட விலை கூடின கத்தரிக்காய் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

கடைக் கொப்பி

ஊர்க் கடையில் கொப்பியில் எழுதி வாங்குவது ஆபத்துக்கு உதவுகிற நல்ல ஏற்பாடு, கடைக்காரர் எங்களை நம்பித் தருகிறார், அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் கொப்பிக்கு வாங்கும்போது ஒருவரும் விலை கேட்பதில்லை. சின்னப் பிள்ளையை அனுப்பினால் பிள்ளை தனக்கும் ஒரு டொபி எழுதுவித்துக்கொண்டு வரும். மாதக் கடைசியில் மொத்தத்தைப் பார்த்துத் திகைப்பதை விடக் கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை என்று வைத்துக் கணக்கை முடியுங்கள். நாலு கிழமை அப்படிச் செய்தால் எந்தச் சாமான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது கண்ணில் படும். அரிசி, சீனி, மா, பருப்பு என்கிற பெரிய சாமானைச் சம்பளத்தோடு காசுக்கு, விலை விசாரித்து வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையிலும் ஒருமுறை கேளுங்கள். கொப்பி அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

சூப்பர்மார்க்கெற்றுக்குள் போகிறவர்களுக்கு ஒன்று. பெரிய பைக்கற் எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள், சின்ன சஷே எப்போதும் விலை கூட என்றும் நினைக்காதீர்கள். போனை எடுத்து விலையைக் கிராமால் பிரித்துப் பாருங்கள், சில நேரம் விடை நீங்கள் நினைத்ததற்குத் தலைகீழாக இருக்கும்.

ரோட்டில் போகிற காசு

ஒழுங்கைக் கடைக்குப் போக மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணுகிற ஊராகிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, சைக்கிளுக்கென்றே படைத்த நிலம் மாதிரிக் கிடக்கிறது. இரண்டு கிலோமீற்றருக்குள் சைக்கிள் என்று ஒரு சட்டம் வீட்டில் வைத்தால் போதும். மோட்டார்சைக்கிள் டயருக்குக் கிழமைக்கு ஒருமுறை காற்றுப் பாருங்கள், காற்றுக் குறைந்தால் எண்ணெய் கூட எரியும். ரவுணுக்குப் போகிற வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடியுங்கள். தினமும் பஸ்ஸில் வேலைக்கோ படிக்கவோ போகிறவர்கள் இ.போ.ச. சீசன் ரிக்கெற் பற்றி டிப்போவில் விசாரியுங்கள்.

போனுக்கு ரீலோட் போட்டதும் காசு தானாகக் குறைகிறது என்றால் ஏதோ ஒரு சேவை மாதாமாதம் வெட்டிக்கொண்டிருக்கும். போன் கம்பனியின் கஸ்ரமர் சேவைக்கு அழைத்து எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொல்லுங்கள்.

கொண்டாட்டம்

இதைச் சொன்னால் கோபிப்பீர்கள். கரண்டில் வருடம் முழுக்க மிச்சம் பிடித்த காசு ஒரு சாமத்திய வீட்டுக்கான சாறியிலும், அதற்கு மச்சிங் தைக்கிற கூலியிலும், வீடியோக்காரரிலும் போய்விடும். போகாமல் இருக்க முடியாது, சொந்தம் வேண்டும். அதனால் போகிறதற்கென்றே தனியாக ஒரு ரின் வையுங்கள். ஆவணி, தை மாதங்களில் கலியாணம் குவியும் என்பது எல்லோருக்கும் தெரியும், பிறகேன் ஒவ்வொரு வருடமும் திடீர்ச் செலவு மாதிரி அந்தரப்படுகிறோம்? என்வலப்புக்குள் வைக்கிற தொகையைச் சொந்தம், அயல், வேலையிடம் என்று மூன்றாக முன்கூட்டியே தீர்மானித்து, வீட்டில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் நின்று ஆலோசித்தால் எப்போதும் கூடின தொகைதான் முடிவாகும். நகையை அடகு வைத்துச் செய்கிற கொண்டாட்டம் மட்டும் வேண்டாம், அந்த வட்டி அடுத்த கொண்டாட்டம் வரைக்கும் ஓடும்.

சேர்ந்த காசை என்ன செய்வது

மாதச் சீட்டு நல்ல பழக்கம்தான், கட்டாயம் கட்ட வேண்டும் என்பதால் காசு சேரும். ஆனால் அது முழுக்க ஆளில் வைக்கிற நம்பிக்கை, எழுத்தில் ஒன்றும் இல்லை. சீட்டுப் பிடிப்பவர் உங்கள் ஒழுங்கையில் நெடுங்காலம் இருக்கிறவரா, முன்னைய சீட்டுகளை ஒழுங்காக முடித்தவரா என்று விசாரிக்காமல் சேராதீர்கள். அவசரப்பட்டு, பெரிய தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்துச் சீட்டை முன்னதாகவே கேட்டு எடுத்தால் அது சேமிப்பு இல்லை, கடன்.

ஒரு தொகை சேர்ந்ததும் நிலையான வைப்பில் போடலாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் போடுகிற காசுக்கு, ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, அதாவது நிறுவனம் முறிந்தாலும் அந்த அளவு காசுக்குப் பாதுகாப்பு உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்தக் காப்புறுதி பொருந்தாது. ஊரில் யாராவது வங்கியை விட இரண்டு மடங்கு வட்டி தருகிறேன் என்று வந்தால், அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது.

வட்டியிலும் ஒரு கசிவு இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதத்தை வரியாக வெட்டிவிட்டுத்தான் தருகிறார்கள். உங்கள் எல்லா வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால் வங்கியில் சுய பிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்து அந்த வெட்டை நிற்பாட்டலாம். ஓய்வூதியத்தோடும் சின்ன வைப்போடும் இருக்கிற அம்மா அப்பாமார் பலர் இதைக் கொடுக்காமலே இருக்கிறார்கள். படிவத்தைக் கவுண்டரில் கேட்டு வாங்கலாம், வரி அடையாள இலக்கத்தைக் கையில் கொண்டு போனால் அலைய வேண்டி வராது. இரண்டு மூன்று வங்கிகளில் வைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.